வாத்தியாருக்கு வந்த நெஞ்சுவலி

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் புனித அகஸ்டின் அப்போது பேச்சுக்கலை வாத்தியார். அங்கே பையன்கள் வானரக் கூட்டம். அடுத்தவர் வகுப்பில் புகுந்து அதகளம் செய்வார்கள். ரோமில் பிள்ளைகள் தங்கக் கம்பிகள் என்று கேள்விப்பட்டு கி.பி. 383-ல் கப்பலேறினார். தங்கக் கம்பிகள் வகுப்பில் கைகட்டித்தான் உட்கார்ந்தன. சம்பளம் கொடுக்கிற நாள் நெருங்கியதும் கூட்டமாக வேறு வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்துகொண்டன. அடக்கம் பணம் வருவதற்கு அடையாளம் அல்ல என்பது அவருக்குக் கிடைத்த முதல் பாடம்.

384-ல் மிலானில் அரசாங்க உத்தியோகம். போவதற்கு வண்டிகூட அரசு செலவு. அங்கே பேரரசரைப் புகழ்ந்து பேச வேண்டும். பேரரசர் இரண்டாம் வாலன்டினியனுக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. வாத்தியார் அளக்கப்போவது பொய், கேட்பவர்களுக்கும் அது பொய்யென்று தெரியும், ஆனாலும் மெச்சுவார்கள். கைதட்டலும் நம்பிக்கைக்கு அடையாளம் அல்ல. இரண்டாம் பாடம்.

386-ல் மனம் கிறிஸ்தவத்துக்கு மாறியது. வேலையை விட ஒரு காரணம் வேண்டுமே? வாகாக நெஞ்சுவலி வந்தது. வலி நிஜம்தான், ஆனால் வந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். திராட்சை அறுவடை விடுமுறை வரை பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் நடத்தி, அதன்பிறகே ராஜினாமா.

பிற்பாடு ஹிப்போவில் ஆயரானார். 396 வாக்கில், வேதத்தைப் படிப்பது எப்படி என்று நூல் எழுத உட்கார்ந்து, சொல்லும் ஓர் அடையாளம்தானே என்று அடையாளங்களை இரண்டாகப் பிரித்தார். நெருப்பைக் காட்டும் புகையும் விலங்கைக் காட்டும் கால்தடமும் இயற்கையானவை. மனதிலுள்ளதைத் தெரிவிக்க வேண்டுமென்றே காட்டுபவை இன்னொரு வகை. சரி, சேவல் கூவிப் பெட்டையைக் கூப்பிடுவது, வலியில் ஒருவன் கத்துவதுபோல் தானாக வருவதா, வேண்டுமென்றே காட்டுவதா? அது வேறு கேள்வி, இங்கே வேண்டாம் என்று நழுவிவிட்டார். மிலான் நெஞ்சுவலிக்காரர் வேறென்ன சொல்வார்!

மூன்றாம் பாகத்தின் நடுவில் பேனா நின்றது. சுமார் முப்பது வருடம் கழித்து, 426 வாக்கில், திரும்ப எடுத்தார். அடையாளத்தைப் புரிந்துகொண்டால் போதுமா, ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா? வாசல் வழியாகத் துரத்திய பேச்சுக்கலை கொல்லைப்புறமாக வந்து நான்காம் பாகத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தது. பேச்சுக்கலை விதிகளை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள் என்று ஆரம்பித்தவர், பொய்யன் மட்டும் சாமர்த்தியமாகப் பேச, உண்மைக்காரன் கேட்பவரைத் தூங்க வைக்க வேண்டுமா என்று வரிந்துகட்டி, ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் மூன்று பேச்சு நடைகளையும் விலாவாரியாக விளக்கினார்.

நினைத்ததைவிட நூல் நீண்டுவிட்டது என்று முடிவில் அவரே சொல்கிறார். நீளம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாமாம். சம்பளம் தராமல் ஓடிய பிள்ளைகளிடம் பழகியவர்; நூலைப் பாதியில் மூடிவிட்டு நகர்பவனை அவருக்குத் தெரியாதா?