ஓடிருச்சுண்ணே!

"பேட்ச் என்னாச்சு தம்பி?" என்றால், எங்கள் டீம் தம்பி "ஓடிருச்சுண்ணே" என்பார். பொய்யில்லை, ஓடத்தான் செய்தது. எங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஜாவாவில் டேட்டாபேஸுக்குக் கட்டளைகளை மொத்தமாக அனுப்பும் எக்ஸிக்யூட்பேட்ச் சும்மா திரும்பி வருவதில்லை. அனுப்பிய கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும். 1 என்றால் ஒரு வரி மாறியது. 0 என்றால் கட்டளை பழுதில்லை, ஆனால் எதுவும் மாறவில்லை. மைனஸ் 2 என்றால் வேலை முடிந்தது, கணக்கு மட்டும் தெரியாது. மைனஸ் 3 என்றால் ஊத்திக்கொண்டது. அது எக்ஸெப்ஷனோடு சேர்ந்து வரும். தம்பி இதில் ஒன்றையும் வாங்கிவைப்பதில்லை. மொய்க் கவரைப் பிரிக்காமலே "எல்லாரும் நல்லா செஞ்சிருக்காங்க" என்கிற கல்யாண வீட்டுக்காரர் மாதிரி.

பிழை வந்தால்? அதற்கு ட்ரை-கேட்ச் உண்டு. கேட்சுக்குள் ஒரே ஒரு கமென்ட்: 'அப்புறம் பார்த்துக்கலாம்.' அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

நச்சரித்து, பிழையை அச்சிட வைத்தோம். போஸ்ட்கிரஸ் டிரைவர் நல்ல பிள்ளை. எத்தனையாவது கட்டளை விழுந்தது என்று சொல்லி, மிச்சப் பிழைகளைப் பார்க்க கெட்நெக்ஸ்ட்எக்ஸெப்ஷனைக் கூப்பிடு என்றும் செய்தியிலேயே எழுதியிருந்தது. தம்பி கூப்பிட்டது என்னை. திரையைப் போனில் சாய்வாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கட்டளை எண் இருக்க வேண்டிய இடத்தில் ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்தது.

கோபித்துக்கொள்ளவும் முடியாது. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார். கூடவே ஃபிளாஸ்க்கில் டீயும் வரும். எது ஏறியது, எது ஏறவில்லை என்று எக்ஸெலில் ஒவ்வொன்றாக டிக் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்த டிக்குக்கே என்ன அவசியம்? சில டிரைவர் முதல் பிழையிலேயே நின்றுவிடும். சில, மிச்சத்தையும் ஓட்டிவிட்டுத்தான் வரும். அதனால்தான் ஆட்டோகமிட்டை அணை, விழுந்தால் ரோல்பேக் செய், வந்த எண்களை லாகில் எழுது என்று தொண்டை வற்றச் சொல்கிறோம். எல்லாம் சேர்த்துப் பதினைந்து வரி தேறாது. போன மாதம், பாதியில் நின்ற சம்பள பேட்சைத் தம்பி மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். யுனிக் கீ இல்லாத டேபிள். சிலருக்குச் சம்பளம் இரண்டு தடவை ஏறியது. பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆளாளுக்குப் போன் போட்டவன் நான். அந்த வேலையைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், யாரிடம் கேட்டாயிற்று, யாரிடம் கேட்கவில்லை என்பதும் தெரியாமல் போயிருக்கும்.