அக்கா மகன் மேடையேறுகிறான்

என் நண்பனின் அக்கா மகன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிறான். படிப்பது அவன், பொறுமைக்குப் பரீட்சை எழுதுவது நானும் என் நண்பனும். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். பையன் இன்னும் அங்கே மார்க் வாங்க வேண்டியிருக்கிறது.

"மாப்ளே, சனிக்கிழமை சாயங்காலம் என்ன பண்றே?" என்று நண்பன் குழைந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, கடன் கேட்கப் போகிறான். இல்லையென்றால் பையனுக்கு நாடகம் இருக்கிறது. கடனாக இருந்தால் கையை விரித்துவிடலாம். நாடகத்துக்கு டிக்கெட்டே கிடையாது என்னும்போது எதைச் சொல்லித் தப்பிப்பது?

"உன் மருமகன். நீ போய்ப் பாரு. நான் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"தனியா உக்காந்து தூங்கினா அசிங்கமாத் தெரியும்டா. ரெண்டு பேரு போனா முறை வச்சுத் தூங்கலாம்."

பி.காம். முடித்துவிட்டு முதுகலைக்கு நாடகம் எடுக்கப்போகிறேன் என்று பையன் சொன்ன நாளில், அப்படி ஒரு படிப்பு இருப்பதே வீட்டுக்குப் புதுச் செய்தி. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, இந்திரா பார்த்தசாரதி பேராசிரியராக இருந்த இடம் அது, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துறை உண்டு என்று அடுக்கினான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடிச்சா என்ன வேலைடா?" என்றார். பையன் பெரிய அஸ்திரத்தை எடுத்தான். "விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில இருந்தவர்தாம்மா." அக்கா அதற்குள் நாலு இடத்தில் விசாரித்து வைத்திருந்தார். "அவரு அங்க கணக்கெழுதத்தான் போய்ச் சேர்ந்தாராம். நீயும் பி.காம்.தானே? கணக்கெழுதவே போயேன். மிச்சம் தானா நடக்கும்."

இந்த வசனத்துக்குப் பதில் வசனம் பையனிடம் இன்றுவரை கிடையாது.

பல்கலைக்கழக நாடகத்துக்கு அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வரும். கருப்புப் பின்னணியில் பாதி முகம், சிவப்பு எழுத்து, 'மாலை 6 மணி'. ஆறு மணிக்குப் போனால் ஒருவர் ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருப்பார். கீழே இன்னொருவர் "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டு" என்பார். ஆறே முக்கால் வரை இதுதான் காட்சி. பின்னால் வரப்போகும் நாடகத்தைவிட இதில் கதை தெளிவாக இருக்கும்.

பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து. 2021-இல் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 வினாடிகளில் பாடி முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தச் சாயங்காலத்தில் குறித்த நேரத்துக்குள் முடியும் நிகழ்ச்சி அது ஒன்றுதான். அதுவும் ஒரு நாடகத்திலிருந்து வந்தது என்பது நிற்கும்போது பலருக்கு நினைவிருக்காது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் பாயிரத்தில் உள்ளது அந்த வாழ்த்து. அதே 1891-இல்தான், பின்னாளில் வக்கீலும் நீதிபதியுமான பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூச்சமில்லாமல் அரிதாரம் பூசிக்கொண்ட சபை. பேராசிரியர் எழுதியது படிப்பதற்கான நாடகம். பம்மல் எழுதியது நடிப்பதற்கான நாடகம். இன்றைய நாடகத்துறைகள் இந்த இரண்டு மரபையும் ஒன்றாக்கிவிட்டன. அவர்கள் நடித்துக் காட்டுகிறார்கள். நாம் வீட்டுக்குப் போய்ப் படித்துப் புரிந்துகொள்கிறோம்.

பையன் முதலில் மேடையேறியது 'மேக்பெத்'தில்.

"என்ன வேஷம்டா?" என்று நண்பன் ஆசையாகக் கேட்டான்.

"மரம், மாமா."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சும்மா நிக்கிற மரம் இல்ல மாமா. நடக்கிற மரம்."

அதில் நியாயம் இருந்தது. பர்னம் காடு கிளம்பி மலைமேல் இருக்கும் கோட்டைக்கு வரும்வரை உன்னை யாரும் வெல்ல முடியாது என்று மேக்பெத்துக்குக் குறி சொல்லியிருப்பார்கள். காடாவது நடப்பதாவது என்று அவனும் தெம்பாக இருப்பான். எதிரிப் படை ஆளுக்கொரு கிளையை வெட்டி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வர, காடே நடந்து வரும். கதையின் முடிச்சு அவிழும் இடம் அது. என்ன, ஐந்தாவது அங்கத்தில் வரும் இடம். அதுவரை ராஜா கொலை, நண்பன் கொலை, விருந்தில் ஆவி, தூக்கத்தில் நடக்கும் ராணி என்று ஏதேதோ குறுக்கே வந்துகொண்டிருந்தது. நாங்கள் மரத்துக்காகக் காத்திருந்தோம்.

மரங்கள் வந்தன. எல்லாம் மாங்கிளைகள், அன்று மதியம்தான் வளாகத்திலேயே ஒடித்தவை. இடமிருந்து மூன்றாவது மரம் எங்களுடையது. மற்ற மரங்கள் கம்பீரமாக முன்னேற, எங்கள் மரம் மட்டும் ஒரு தோளைக் குலுக்கியது. பிறகு கழுத்தைச் சாய்த்தது. பிறகு ஒற்றைக்காலில் நின்று மறுகாலால் கெண்டைக்காலைத் தேய்த்தது. மாங்கிளையில் முசுறு இருந்திருக்கிறது. ஐந்து அங்கம் கழித்துக் கிடைத்த ஒன்றரை நிமிடத்தில் கிளையைக் கீழே போட அவனுக்கு மனம் வரவில்லை. முசுறு கடித்துக்கொண்டே இருந்தது, காடு நடந்துகொண்டே இருந்தது.

நாடகம் முடிந்த பின் கலந்துரையாடல். தாடி வைத்த ஒருவர் எழுந்து, "அந்த மூன்றாவது மரத்தின் உடல்மொழி என்னை உலுக்கிவிட்டது. வேரோடு பிடுங்கப்பட்ட இயற்கையின் வலியை அந்த நடிகர் தோளிலேயே கொண்டுவந்தார்" என்றார். பையன் அடக்கமாகத் தலைகுனிந்தான். முதுகைச் சொறிய அதுதான் வசதி.

அன்று என் நண்பன் எடுத்த வீடியோவை அக்கா வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அதில் மேக்பெத் இல்லை, வாள் சண்டை இல்லை, கோட்டையும் இல்லை. திரை முழுக்க மாவிலை. "நல்லா நடிச்சிருக்கான்" என்றார் அக்கா.

அடுத்து நவீன நாடகம். அதில் எல்லோருக்கும் கருப்பு உடை, எல்லோருக்கும் வெள்ளை முகம். முகம் தெரியாததால் எது நம் பையன் என்று கண்டுபிடிப்பதே பாதி நாடகத்தைத் தின்றுவிடும். கட்டியங்காரன் ஒருவன் வந்து விளக்கம் சொல்வான். அவனே குழப்பத்தில் இருப்பதாகப் பாத்திரம் படைத்திருப்பார்கள். பார்வையாளரையும் நாடகத்துக்குள் இழுக்க வேண்டும் என்பது கொள்கை. ஆகவே நடிகர்கள் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓடிவருவார்கள். முறைப்படி அது என் நண்பன் தூங்கும் நேரம். தலைவிரி கோலமாக ஒரு பெண் வந்து அவன் கையைப் பிடித்து உலுக்கி, "சொல்! நீ யார்?" என்று அலறினாள். திடுக்கிட்டு விழித்தவன், "பையனோட தாய்மாமன்ங்க" என்றான்.

அரங்கம் கைதட்டியது. எழுதி வைத்த வசனம் என்றே நினைத்துவிட்டார்கள்.

எனக்கென்னவோ அன்று மேடையிலும் கீழேயும் பேசப்பட்ட வசனங்களில் அதுதான் உண்மையானது என்று தோன்றியது. சுற்றிப் பாருங்கள். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கதாநாயகியின் அப்பா. கதாநாயகன் எத்தனை அடி தள்ளி நிற்கிறான் என்பதைத் தவிர அவர் கண்ணில் வேறெதுவும் படாது. ஓரமாக விசிலடிக்கும் நாலு பேர், விளக்குப் போடுகிறவனின் ஹாஸ்டல் அறைத் தோழர்கள். இருட்டானால் கைதட்டுவார்கள், வெளிச்சம் வந்தாலும் கைதட்டுவார்கள். அந்த அம்மாள் உடை தைத்துக் கொடுத்தவர். சோழ இளவரசனின் இடுப்பில் தையல் விட்டுப்போகுமோ என்று அவருக்குக் கவலை. இயக்குநர் ஒரு நாடகம் போடுகிறார். அரங்கத்தில் ஓடுவது ஆளுக்கொரு நாடகம்.

இதன் உச்சத்தை 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' போட்டபோதுதான் பார்த்தேன். "மொத்தம் அஞ்சே பாத்திரம். அதுல நான் ஒருத்தன். இந்தத் தடவ வசனம் இருக்கு" என்று பையன் சொல்லிவிட்டான். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அக்கா, மச்சான், சித்தப்பா வகையறா, எல்லோருக்கும் மேலாக அப்பத்தா.

திரை விலகியது. மேடையில் மொட்டையாக ஒரு மரம். நண்பன் கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்துவிட்டு, "இது அவன் இல்ல" என்று என் காதில் சொன்னான்.

சாமுவேல் பெக்கெட் எழுதி 1953-இல் பாரிஸில் முதலில் மேடையேறிய நாடகம் இது. நாடோடிகள் இருவர் கோடோ என்ற ஆளுக்காகக் காத்திருப்பார்கள். அவர் வரமாட்டார். அவ்வளவுதான் கதை. எங்கள் பையனுக்கு, அங்கத்தின் கடைசியில் வந்து "ஐயா இன்னிக்கு வரமாட்டாராம், நாளைக்குக் கண்டிப்பா வருவாராம்" என்று தகவல் சொல்லும் சிறுவன் வேஷம்.

பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அப்பத்தா "எங்க நம்ம பய?" என்று கேட்டார். "வருவான் ஆத்தா" என்றோம். மேடையில் ஒருவன் பூட்ஸைக் கழற்றினான். "வந்துட்டானா?" "இல்ல ஆத்தா." இன்னொருவன் தொப்பிக்குள் கையை விட்டுத் தேடினான். "இவனுக யாரு?" "இவங்களும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க ஆத்தா." ஒருவழியாக முதல் அங்கம் முடியும் நேரத்தில் பையன் வந்தான், தகவலைச் சொன்னான், போய்விட்டான். அப்பத்தா அரங்கத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "இவன் வரவே இம்புட்டு நேரம். இதுக்கு மேல இன்னொருத்தன் வேற வரணுமாக்கும்?"

இரண்டாவது அங்கத்திலும் அவன் கடைசியில்தான் வந்தான், அதே தகவலோடு. "நேத்து வந்தது நீதானே?" என்று நாடோடி கேட்க, "இல்லீங்க, நான் வரல" என்றான். அவன் சொல்வது உண்மையா என்பது நாடகத்தில் கடைசிவரை தெளியாத விஷயம். அப்பத்தாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. எழுந்து நின்றுவிட்டார். "புளுகுறான்! இவன்தேன் வந்தான்! நாங்க அத்தன பேரும் பாத்தோம்!" நாடோடியாக நடித்த பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒத்திகை முழுக்க யாரும் நம்பாத அந்தப் பாத்திரத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு சாட்சி கிடைத்தது.

1957-இல் அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகளுக்கு முன்னால் இதே நாடகத்தைப் போட்டார்கள். படித்த ரசிகர்களே குழம்பிப்போன நாடகம் கைதிகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டதாம். காத்திருப்பதைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. வேனில் வந்த எங்கள் கூட்டத்துக்கும் அப்படித்தான். மகனுக்கு வேலை வரும் என்று காத்திருக்கும் அக்காவுக்குப் பெக்கெட்டை யார் விளக்க வேண்டும்?

நாடகம் முடிந்த பிறகுதான் நமக்கு உண்மையான சோதனை. அரிதாரம் வழிய வந்து நின்று, "எப்படி இருந்துச்சு மாமா?" என்பான். இதில் எனக்கு இப்போது நல்ல தேர்ச்சி. "நல்லா இருந்துச்சு" என்று சொல்லக் கூடாது. கல்யாண வீட்டு ரசத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கும். "லைட்டிங் பிரமாதம்" என்று சொன்னால் நடிப்பு மோசம் என்று எடுத்துக்கொள்வான். "கஷ்டமான நாடகம்தான்" என்பது பகையில் முடியும். சொல்ல வேண்டியது இதுதான்: "அந்த ஒரு இடத்துல திரும்பினே பாரு!" உலகத்தில் எந்த நடிகனும் ஏதாவது ஓரிடத்தில் திரும்பாமல் இருப்பதில்லை. அவன் முகம் மலரும். "அதைக் கவனிச்சீங்களா மாமா? அதுக்காக ஒரு வாரம் ரிகர்சல் பண்ணினேன்."

ஒரு வாரம் என்றது பொய்யில்லை. பகலெல்லாம் வகுப்பு, ராத்திரி ஒத்திகை, நடுவில் செட்டுக்குச் சாக்குத் தைப்பது, நாற்காலி சுமப்பது, பக்கத்துத் துறையில் கெஞ்சி ஸ்பீக்கர் வாங்குவது எல்லாம் இவர்களே. இத்தனையும் ஒரே ஒரு சாயங்காலத்துக்காக. மறுநாள் செட்டைப் பிரித்துவிடுவார்கள். கிரேஸி மோகன்கூடக் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோது போட்ட நாடகத்தில்தான் தொடங்கினார். பிற்காலத்தில் அவர் நாடகத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தொடக்கத்தில் யாருக்கும் அப்படி வருவதில்லை. நண்பன், நண்பனின் நண்பன், தாய்மாமன், அப்பத்தா என்று இந்த வரிசையில்தான் வருவார்கள். நாடகக்கலை வாழ்க என்று பொன்னாடை போர்த்திப் பேசுகிற சிறப்பு விருந்தினர் பாதியில் கிளம்பிவிடுவார். கடைசிவரை உட்கார்ந்திருப்பது உறவுக்காரர்கள்தான்; பையனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமே.

அடுத்ததாக கிரீஷ் கார்னாடின் 'துக்ளக்'. பையனுக்குக் காவலன் வேஷம், கையில் ஈட்டி உண்டு, முசுறு கிடையாது. கடைசிக் காட்சியில் சுல்தானே சிம்மாசனத்தில் தூங்கிவிடுகிறான் என்று தெரிந்ததிலிருந்து என் நண்பனுக்கு அந்த நாடகத்தின் மேல் பெரிய மரியாதை. உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் யாராவது எங்காவது மேடையேறினாலும் தட்டாமல் போய் வாருங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள், திரும்புகிற இடத்தைக் கவனித்து வையுங்கள். திறந்தவெளி அரங்கமாக இருந்தால் முழுக்கைச் சட்டை நல்லது. கொசு எந்த நாடகத்தையும் மதிப்பதில்லை.