நாடு விட்டு நாடு

எங்கள் ஊர் பெயர் நெல்லிவாசல்நாடு. பக்கத்தில் புதூர்நாடு. அந்தாண்ட புங்கம்பட்டுநாடு. ஜவ்வாது மலையில் திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கிற இந்த மூன்றும் வெறும் ஊராட்சிகள்தான். ஆனால் பெயரை மட்டும் கேட்டால் ஐ.நா. சபையில் மூன்று நாற்காலி போட்டு வைப்பார்கள். காலையில் நெல்லிவாசல்நாட்டில் பல் துலக்கி, புதூர்நாட்டில் டீ குடித்து, மத்தியானச் சோற்றுக்குச் சொந்த நாடு திரும்புகிறவன் நான். போதாததற்கு முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்து, மற்றவர்களுக்கு விதி சொல்லியே ஓய்வு பெற்றவன். அதனால் 2021 நவம்பரில் மகள் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணி, "அப்பா, பேத்தியைப் பார்க்க அம்மாவோட வாங்க. ரூல்ஸ்தான் கொஞ்சம் இருக்கு" என்றபோது, "ரூல்ஸா? எனக்கேவா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் மூக்குக்குள் என்னவோ குறுகுறுக்கிறது.

எல்லை என்றால் என்ன என்று எனக்குக் கொரோனா வந்த 2020-லேயே காட்டியிருந்தார்கள். நான்தான் பாடம் கற்கவில்லை. எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். வழியில் யாராவது நிறுத்தி "எங்க போறே, எதுக்குப் போறே" என்று கேட்டதாக அந்தக் கதையில் இல்லை. கேட்டிருந்தால் இன்னும் காஞ்சிபுரத்திலேயே இருந்திருப்போம். 2020 ஜூலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் என் மச்சான் பேரனுக்குக் காதுகுத்து. மலை ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. நாங்கள் திருப்பத்தூர், அவர்கள் திருவண்ணாமலை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக அப்போது இ-பாஸ் வேண்டும். காரணம் கேட்கிற இடத்தில் கல்யாணம் இருந்தது, மருத்துவம் இருந்தது, சாவு இருந்தது.

"காதுகுத்து இதுல எதுல வரும்?" என்றாள் என் மனைவி.

நான் யோசித்தேன். காது, ஊசி, கொஞ்சம் ரத்தம். "மருத்துவம்" என்று போட்டேன். மருத்துவச் சீட்டை இணைக்கச் சொல்லி விண்ணப்பம் திரும்பி வந்தது. பத்தரிடம் எங்கே போய்ச் சீட்டு வாங்குவது? ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு இ-பாஸ் போய்விட்டது. மச்சானுடைய கோபம் இன்னும் போகவில்லை.

அதற்கும் ஆறுதல் சொல்லிக்கொள்ள ஆள் இருந்தார்கள். அதே வருடம் ஏப்ரல் கடைசியில், எங்களுக்குப் பக்கத்து வேலூர் மாவட்டத்தில், சைனகுண்டாவிலும் பொன்னைப் பக்கமும் ஆந்திரா போகிற ரோட்டுக்குக் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டார்கள். அப்புறம் சிமெண்ட் காய்வதற்குள் இடித்தும் விட்டார்கள். எனக்குச் சுவர் இல்லை, கம்ப்யூட்டரில் ஒரு கட்டம்தான். சுவரை இடிக்கலாம், கட்டத்தை என்ன செய்வது?

சரி, சிங்கப்பூருக்கு வருகிறேன். தடுப்பூசி போட்டவர்களை அடைத்து வைக்காமல் உள்ளே விடுவதற்கென்று ஒரு பயணத்தடம். 2021 நவம்பர் 29 முதல் சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து திறந்தார்கள். முதல் கேள்வி: என்ன ஊசி? மனைவி கோவிஷீல்டு. நான் அவளோடு முகாமுக்குப் போகாமல், ஆட்டைத் தேடிக்கொண்டு போய், அடுத்த முகாமில் கோவாக்சின் போட்டுக்கொண்டவன். அதை உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டதே 2021 நவம்பர் 3-ஆம் தேதிதான். அதுவரைக்கும் என் வீட்டில் நான் அங்கீகாரம் இல்லாத கணவன். "அன்னிக்கே கூப்பிட்டேன், ஆடுதான் பெரிசுன்னு போனீங்க" என்று அவள் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள். ஜெனீவாவில் கையெழுத்தான பிறகும் நிறுத்தவில்லை.

இரண்டாவது கேள்வி பெயர். பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழில் ஒரே எழுத்தாக, ஒரு புள்ளியோடு நிற்கிறது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று மகளுக்குச் சந்தேகம். ஒரே எழுத்தில் அடங்குகிற ஆளா என் அப்பா? திருப்பத்தூர் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அவரைத் தோண்டியெடுத்துச் சான்றிதழில் முழுசாகச் சேர்க்க ஒரு பகல் ஆனது. அப்புறம் பயண அனுமதிச் சீட்டு. அதற்கு மேல் காப்பீடு, 30,000 சிங்கப்பூர் டாலருக்கு. அதை ரூபாயாக்கிப் பார்த்த மனைவி, "இவ்ளோ காசு குடுக்கறாங்கன்னா, வியாதி வந்தாலே தேவலையே" என்றாள். இவள் சொன்னதைச் சாமி எப்படிக் காதில் போட்டுக்கொண்டது, யார் மேல் இறக்கியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியாகத்தான் சளிப் பரிசோதனை. ஊரில் அதற்குப் பெயர் "குச்சி விடுறது". கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் விட்ட குச்சியாக இருக்க வேண்டும். நான் ரயிலுக்கே மூன்று மணி நேரம் முன்னால் போய் உட்காருகிறவன். வாத்தியார் புத்தி. டிசம்பரில் டிக்கெட் போட்டதும் ஐந்து நாள் முன்னாலேயே மலையிறங்கிப் போய்க் குச்சி விட்டுக்கொண்டு, முடிவையும் வாங்கி, மகளுக்கு அனுப்பி, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அப்பா," என்றாள், "இது தோசை மாவு மாதிரி. ரெண்டு நாளுக்கு மேல புளிச்சிடும்."

என் மூக்கு அன்றைக்குக் கண்ணீர் விட்டது வீண். ஒரே ஒரு ஆறுதல், அந்தச் சான்றிதழில் எழுத்துப்பிழை இல்லை.

இரண்டாவது தடவை கணக்குப் போட்டு, நோட்டில் கோடு கிழித்து, சரியான நாளில் குச்சி விட்டுக்கொண்டு பஸ் ஏறி வீடு திரும்பினேன். முடிவு போனுக்கு வரும் என்றார்கள். வரும்தான், போனுக்கு சிக்னல் வந்தால். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதே ஜவ்வாது மலையில் காவலூரில் வானத்தைப் பார்க்கிற நிலையம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதைப் பதிவு செய்தவர்களில் அவர்களும் உண்டு. கிட்டத்தட்ட முந்நூறு கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வளையம் எங்கள் மலைக்குத் தெரியும். முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற திருப்பத்தூரிலிருந்து வருகிற குறுஞ்செய்தி தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறி, கிழக்கே பார்த்து, கையை உயர்த்திக்கொண்டு நின்றால் இரண்டு கோடு வரும். ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் லைட்டோடு அப்படி நின்றேன். வழியில் போன பழைய மாணவன் ஒருவன் நான் ஏதோ வேண்டுதல் செய்கிறேன் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கூடவே நின்றான்.

செய்தி வந்தது. நெகட்டிவ். மெதுவாகக் கோப்பு திறந்தது. பெயர் சரி. அப்பா பெயர் முழுசாகச் சரி. வயது 6. பாலினம் பெண்.

எனக்கு வயது 62. ஆணாகவே இருந்து வருகிறேன்.

திருத்தி வாங்குவதற்குள் மாவு புளித்தது, விமானமும் போய்விட்டது. வேறு டிக்கெட் போடலாம் என்றால், ஒமிக்ரான் வந்து, டிசம்பர் 23-ஆம் தேதியிலிருந்து ஜனவரி 20 வரைக்கும் அந்தத் தடத்துக்கு டிக்கெட் விற்பதையே சிங்கப்பூர் நிறுத்திவிட்டது. என் வயதைத் திருத்திய சான்றிதழ் அடுத்த நாள் வந்தது. அதில் பாலினம் அப்படியே இருந்தது.

இந்த நாட்களில் பஸ்ஸில் ஆலங்காயத்துப் பையன் ஒருவன் பழக்கமானான். துபாயில் வேலை. "உங்களுக்கு ஒரு குச்சிதானே சார்? எங்களுக்கு 48 மணி நேரத்துக்குள்ள ஒண்ணு. அப்புறம் ஏர்போர்ட்டுல, ஏறுறதுக்கு ஆறு மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. திரும்பி வர்றப்ப நம்ம கவர்மெண்டுக்கு 72 மணி நேரம்" என்றான். ஒரே கிருமிதான். துபாய்க்கு ஒரு கடிகாரம், சிங்கப்பூருக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று. அவர்கள் எல்லாம் மணிக்கணக்கில் விதி எழுதுகிறார்கள். நாங்கள் பஸ் கணக்கில் வாழ்கிறோம். மத்தியான பஸ்ஸை விட்டால் எங்களுக்கு நாற்பத்தெட்டு மணியில் பாதி போச்சு.

டிக்கெட் மறுபடி விற்க ஆரம்பித்ததும் பிப்ரவரி முதல் வாரத்துக்குப் போட்டோம். இந்த முறை என் மனைவி ஒரு முடிவெடுத்தாள். பத்து நாள் முன்னாலேயே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு திருப்பத்தூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். "உங்க ராசி எனக்கும் ஒட்டிக்கும்" என்றாள். தொற்றைத் தடுக்க உலகத்தில் எத்தனையோ வழி சொன்னார்கள். புருஷனைத் தடுக்கலாம் என்று எந்த வல்லுநருக்கும் தோன்றவில்லை.

எனக்கு நாலு நாளாகத் தொண்டையில் லேசான கரகரப்பு. தைப்பனி என்று நினைத்து மிளகு கஷாயம் குடித்துவிட்டுப் போனேன். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கூடத்தில், ஆறடி தள்ளி நின்று குச்சி விட்டுக்கொண்டோம். குச்சி உள்ளே போனதும் நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன், செவிலியர் கூடவே நகர்ந்தார், சுவர் வந்தபோது இரண்டு பேரும் நின்றோம். மனைவி கண்ணை மூடித் திறந்தாள், முடிந்தது.

பாறை மேல் முடிவு வந்தது. மனைவி, நெகட்டிவ். நான், பாசிட்டிவ். வயது 62. ஆண். இந்த ஒரு தாளில்தான் எல்லாமே சரியாக இருந்தது.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் தனியாகப் போகாதவள் அவள். ஜோலார்பேட்டையில் ரயில் ஏற்றிவிட்டதும் தங்கச்சிதான். நான் வீட்டில் ஏழு நாள் தனியாக, ஆடுகளோடு. போகாதே என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அவள் எனக்கு முன்னால் பேசிவிட்டாள்: "நீங்க அரிசி களையறப்ப ரெண்டு தண்ணி விட்டுக் களையுங்க. சாமையில கல் இருக்கும்." நான் மூன்று மாதம் மனப்பாடம் பண்ணிய ஒரு விதிகூட அவளுக்குத் தெரியாது. சென்னை விமான நிலையத்தில் வாணியம்பாடிக் குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்து, "எம்மா, எனக்கும் சேர்த்துப் பார்த்துக்குங்க" என்று பையை அவர்களிடம் கொடுத்துவிட்டாள். பையில் மலைப்புளி, சாமை, தேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் மறுபடி ஒரு குச்சி. முதல் வாரம் வெளியே கிளம்புகிற நாளெல்லாம் வீட்டிலேயே தானாக ஒரு குச்சி.

"கஷ்டமா இருந்துச்சா?" என்று பாறை மேலிருந்து கேட்டேன்.

"இன்னா கஷ்டம்? பல்லு தேய்க்கிற மாதிரி மூக்கைத் தேய்ச்சேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

மே மாதம் அவளைக் கூட்டிவர நான் கிளம்பினேன். இந்த முறை எதற்கும் அசைவதில்லை என்று முடிவு. நீலநிற ஃபைல் ஒன்று வாங்கி, தடுப்பூசிச் சான்றிதழ், காப்பீடு, பழைய முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ், தேதி வாரியாக அடுக்கி, முதல் பக்கத்தில் பொருளடக்கம்கூட எழுதினேன். கிளம்புகிற வாரத்தில் மகள் சொன்னாள், தடுப்பூசி போட்டவர்களுக்குப் பயணத்துக்கு முன்னால் பரிசோதனையே வேண்டாம் என்று ஏப்ரல் 26-ஆம் தேதியே எடுத்துவிட்டார்களாம்.

நம்பவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டே விமானம் ஏறினேன், இறங்கினேன், வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டை மட்டும் கேட்டார். நான் ஃபைலைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். அவர் புன்னகை பண்ணினார். பொருளடக்கம் இருக்கிற பக்கத்தைத் திறந்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். "அடுத்தவர்" என்றார்.

வெளியே மனைவி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி நின்றிருந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க அது, புள்ளைங்க பரிட்சைப் பேப்பரா?" என்றாள்.

திரும்பி வர நம் அரசாங்கத்தின் ஏர் சுவிதா படிவத்தை மகள் சோபாவில் படுத்துக்கொண்டே நிரப்பினாள். அதுவும் 2022 நவம்பரில் போய்விட்டது. இப்போது நான் பழையபடி தினமும் நாடு விட்டு நாடு போய் டீ குடிக்கிறேன். ஃபைல் பரண் மேல் இருக்கிறது. உங்களில் யாருக்காவது அவசரமாகத் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள்: ஒன்று புளித்தது, ஒன்று ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு, ஒன்று பாசிட்டிவ். போன் பண்ணாதீர்கள், பாறை மேல் இருந்தால்தான் எடுப்பேன்.