வேறு வீடு பார்க்கிறவர்

ஜார்ஜியாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் இவர் இல்லாத ஊரே கிடையாது. "இந்த மாதத்தோடு இந்த வீட்டுக்கு ஒரு முழுக்கு" என்பார். இலையுதிர்காலத்தில் சொன்னார். பனி கொட்டி, உருகி, பிளம் மரமெல்லாம் பூத்தும் ஆயிற்று. அதே வீடு, அதே கட்டில், அதே முழுக்கு.

2010-இல் அந்நாட்டு அரசு, ஆங்கிலம் பேசுகிறவர்களை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. ஆளுக்கொரு உள்ளூர்க் குடும்பத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அப்போது மாதம் 500 லாரி (அந்நாட்டு நாணயம்) கைக்கு வரும். அதில் 100 வீட்டுக்காரர்களுக்கு. அன்றைய மதிப்பில் சுமார் 60 டாலர். படுக்கை, சாப்பாடு, விறகு, அழுக்குத் துணி எல்லாம் அதற்குள் அடக்கம்.

நம்மவருக்கு என்ன குறை? அந்த வீட்டுப் பாட்டிதான் குறை. தட்டில் கச்சாபுரி என்கிற பாலாடைக்கட்டி ரொட்டி தீர்வதற்குள் இன்னொரு துண்டு வைக்கிறாளாம். அது முடிந்தால் லோபியோ என்கிற பீன்ஸ் குழம்பு, அதைத் தொட்டுக்கொள்ளச் சோள ரொட்டி. வயிற்றைத் தட்டிக் காட்டினாலும், நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டாலும் "ச்சாமே, ச்சாமே" என்று சாப்பிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். வீட்டில் ஒரே ஒரு அறையில்தான் விறகடுப்பு, குளித்துவிட்டு மற்ற அறைக்குப் போனால் காது விறைக்கிறது என்பதெல்லாம் உபரி.

ஆகவே ஞாயிறுதோறும் வேறு வீடு பார்க்கக் கிளம்புவார். துணைக்கு நான். நம் ஊரில் பெண் பார்க்கப் போவார்களே, அதே லட்சணம். "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்று நுழைய வேண்டியது. விருந்தாளியைக் கடவுள் அனுப்பியதாக நம்புகிற நாடு அது. சும்மா வந்தவனுக்கும் மேசை நிறைந்துவிடும். வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், உப்புப் பாலாடைக்கட்டி, புளிப்பான பிளம் சட்னி, மண்ணில் புதைத்த சாடியிலிருந்து மொண்டுவந்த ஒயின். வீட்டுத் தலைவர் எழுந்து நின்று கடவுளுக்கு, சமாதானத்துக்கு, செத்தவர்களுக்கு, பெற்றவர்களுக்கு என்று வரிசையாக வாழ்த்திக் குடிப்பார். செத்தவர்களுக்கு வாழ்த்து நடக்கும்போது நம்மவர் கண் கூரையின் ஈரக்கறையில் இருக்கும். பெற்றவர்களுக்கான வாழ்த்தின்போது கை கழுவுகிற சாக்கில் உள்ளே போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். கிளம்பும்போது, போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லாத குறைதான்.

மர்ஷ்ருத்கா வேனில் ஏறி உட்கார்ந்ததும் தீர்ப்பு. முதல் வீட்டில் வெந்நீர் உண்டு, ஆனால் நாய் முறைக்கிறது. இரண்டாவதில் இன்டர்நெட் உண்டு, ஆனால் மாமனார் பாடுகிறார். இன்னொரு வீட்டில் எல்லாமே சரியாக இருந்தது. வெந்நீர், சூடான அறை, கதவுக்குப் பூட்டு, பள்ளிக்கூடம் நாலு எட்டு. நான் மனதுக்குள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். "சரிப்படாது" என்றார்.

"ஏன்?"

"வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்களே, கவனித்தீர்களா? பாசமில்லாத வீடு."

இந்த ஆளை என்ன செய்வது? காய்ச்சலில் கிடந்தபோது பாட்டி சாச்சா சாராயத்தை எடுத்து நெஞ்சில் தேய்த்துவிட்டதை ஒரு புகாராகத்தான் ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் குரல் மாறிவிட்டது. ஒருநாள் வேறொரு ஆசிரியர், அந்தப் பாட்டியின் மிளகாய் விழுதில் உப்புக் கூடுதல் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். நம்மவர் முகம் அந்த விழுதின் நிறத்துக்கே போய்விட்டது. மாலைவரை அவரோடு பேசவில்லை.

அதற்காக விட்டுவிட முடியாது. உண்மையாகவே வீடு மாற வேண்டியவர்கள் உண்டு. வீட்டில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிற ஆள், தாழ்ப்பாள் இல்லாத கதவு, இப்படி. அவர்கள் ஊர் ஊராக வீடு பார்த்துத் திரிவதில்லை. திட்டப் பொறுப்பாளருக்கு ஒரு போன், மறுநாள் பெட்டியோடு வெளியே. இவரோ ஒரு சின்ன ஊரில் நாலு வீட்டில் விருந்து தின்றுவிட்டுத் திரும்புகிறார். இவர் வாசல்படி ஏறுவதற்குள் எந்த வீட்டில் எத்தனை கிளாஸ் குடித்தார் என்பது பாட்டிக்கு வந்து சேர்ந்திருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: "என் சமையலா? மெத்தையா? சொல்லு, மாற்றிவிடுகிறேன்." அந்த மெத்தை பேரனுடையது. பையன் அறையை இவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கூடத்து சோபாவில் காலை மடக்கிப் படுக்கிறான். இவர் போனால் இவருக்கு இன்னொரு வீடு; அவள் மட்டும், வெளிநாட்டு வாத்தியார் தங்க மாட்டேன் என்று ஓடிப்போன வீட்டுக்காரி என்ற பெயரோடு அதே ரொட்டிக் கடைக்கு நடக்க வேண்டும். இதை அவரிடமே சொன்னேன்.

தலையாட்டினார். நிஜமாகவே சங்கடப்பட்டார். "நீங்கள் சொல்வது சரி. பேரன் பாவம், அவனுக்காகவாவது நான் வேறு வீடு போக வேண்டும்" என்றார்.

வருகிற ஞாயிறு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடாம். மாடி அறை, கணப்பு, சாதுவான பூனை. நான் வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வீட்டம்மா வால்நட் குழம்பில் வான்கோழி செய்தால் தெருவே மணக்கும் என்று பள்ளியில் பேச்சு. எத்தனை மணிக்கு வேன் என்று கேட்டுவைத்திருக்கிறேன்.