உப்பு டீயும் சுடு கல்லும்

உலகமெங்கும் ஓட்டல் பலகைகளில் 'மங்கோலியன் பார்பிக்யூ' என்று எழுதியிருக்கிறதே, பெரிய இரும்புக் கல்லில் இறைச்சியும் காய்களும் புரண்டு வேகும் அந்தப் பண்டத்துக்கும் மங்கோலியாவுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. 1951-இல் தைவானின் தைப்பே நகரில் வூ ஜாவ்நான் என்பவர் கடை போட்டு ஆரம்பித்தது அது. அவருக்கு இன்னொரு தொழில், மேடையேறி ஜனங்களைச் சிரிக்க வைப்பது. அவருடைய பெரிய நகைச்சுவை இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

மங்கோலியாவுக்குப் போன நம் பயணியும் சோயா சாஸ் கனவோடு கிளம்பியவர்தான். நகரத்தைத் தாண்டிப் புல்வெளியில் ஒரு கெர், அதாவது கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம். தலையைக் குனிந்து, வாசற்படியை மிதிக்காமல் நுழைந்து உட்கார்ந்ததும் கிண்ணம் வந்தது. வலக்கையால் வாங்க வேண்டும், இடக்கை வலது முழங்கையைத் தாங்க வேண்டும். மரியாதையில் தேறிவிட்டார், தடுமாறியது டீயில்.

அதன் பெயர் சூதேய் சாய். கட்டித் தேயிலையை உடைத்துப் போட்டு, பால் விட்டு, உப்பும் சேர்த்துக் கொதிக்க வைப்பது. வீட்டம்மா கொப்பரையிலிருந்து அகப்பையால் மொண்டு, உயரத் தூக்கி, மறுபடி அதிலேயே ஆற்றுகிற நேர்த்தியைப் பார்த்தால் நம்மூர் டீ மாஸ்டர் எழுந்து நின்று கும்பிடுவார். ஒரு வாய் குடித்தால் உட்கார்ந்துவிடுவார். டீ என்று நினைத்தால்தான் துன்பம். சூப் என்று மனதைத் தேற்றிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அதிலேயே இறைச்சிக் கொழுக்கட்டைகளைப் போட்டுக் கொடுப்பதும் உண்டு.

அடுத்தது ஐராக். பெட்டைக் குதிரையின் பாலைப் புளிக்க வைத்தது. வாசலை ஒட்டி இடப்பக்கம் ஹோஹூர் என்கிற மாட்டுத்தோல் பை தொங்கும். மத்தால் ஆயிரக்கணக்கான தடவை கடைந்தால்தான் பக்குவம் வரும். ஆகவே வருகிறவர் போகிறவர் எல்லோரும் நாலு கடை கடைந்துவிட்டுப் போவது வழக்கம். விருந்தாளியிடம் வேலையும் வாங்கி, 2019-இல் அந்த வழக்கத்தை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏற்றிவிட்ட சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்!

ஐராக் புளிக்கும், நாக்கைச் சுருக்கென்று கடிக்கும். போதை பீரைவிடக் குறைவு. 1253-இல் மங்கோலியப் பேரரசுக்குள் பயணம் போன வில்லியம் ருப்ருக் என்ற பிரான்சிஸ்கன் துறவி, முதல் தடவை குடித்தபோது தனக்கு வியர்த்துக் கொட்டியதை எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் அவருக்கு அது பிடித்திருந்தது. நம் பயணி வியர்வை வரைக்கும் துறவியைப் பின்பற்றினார்.

சுமார் 35 லட்சம் மக்களுக்கு ஆறு கோடியை ஒட்டிக் கால்நடைகள் உள்ள நாடு அது. குளிர்காலம் நீளம், பயிர் விளையும் நாள்கள் கொஞ்சம். எனவே கத்தரிக்காயைத் தேடுவது வீண். ஹோர்ஹோக் என்னும் ஆட்டிறைச்சிப் பண்டம் செய்யும்போது பயணி பக்கத்திலேயே நின்று பார்த்தார். பால் கேனுக்குள் எலும்போடு ஆட்டிறைச்சி, அதன்மேல் நெருப்பில் பழுக்கக் காய்ந்த கற்கள், மறுபடி இறைச்சி, மறுபடி கற்கள். உப்பும் வெங்காயமும், உருளைக்கிழங்கும் கேரட்டும் கொஞ்சம். மூடியை இறுக்கித் தீயில் வைத்தால் உள்ளே கல் வேகவைக்கும், வெளியே தீ வேகவைக்கும். மிளகாய் இல்லை, மிளகு இல்லை, மல்லி இல்லை.

திறந்ததும் இறைச்சி வரவில்லை; கல் வந்தது! கொழுப்பு பூசிக் கறுத்த அந்தச் சுடு கல்லைக் கைக்குக் கை மாற்றி உருட்டினால் உடம்புக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. பயணியின் கையில் கல் நிற்கவில்லை, பயணியும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிறகு இறைச்சி வந்தது. எலும்பைத் தொட்டதும் கழன்றது. காலமெல்லாம் மசாலாவையே ஆடு என்று நம்பியிருந்தவருக்கு ஆட்டின் ருசி அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆருல் என்பது வெயிலில் காய்ந்த தயிர்க்கட்டி. கூரைமேலேயே பரப்பி உலர்த்துவார்கள். அதைக் கடிப்பவர் வெளியூர்க்காரர், கன்னத்தில் ஒதுக்கி ஊறவைப்பவர் உள்ளூர்க்காரர். சுடு கல் கைக்கு, ஆருல் வாய்க்கு. இரண்டும் ஒரே வேளையில் வந்தால் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போக நினைப்பவர்கள் ஜூலை 11-இல் தொடங்கும் நாதம் விழாவுக்குப் போங்கள். இறைச்சி வைத்து எண்ணெயில் பொரித்த ஹூஷூர் சுடச்சுடக் கிடைக்கும். குளிர்காலத்தில் சகான் சார் என்னும் புத்தாண்டுக்கு வீடுதோறும் நூற்றுக்கணக்கில் பூஸ் பிடித்து வைப்பார்கள். ஆவியில் வேகவைக்கும் இந்த இறைச்சிக் கொழுக்கட்டைகளை அதுவரை வெளிக்குளிரே கெடாமல் காக்கும். யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். உதட்டில் பட்டாலே மரியாதை. மிளகாய்ப்பொடி டப்பா பெட்டியிலேயே இருக்கட்டும். ஹோர்ஹோக்கில் அதைத் தூவுவது அநியாயம்.