நெட்வொர்க் மாமா

கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களில் பல ரகம் உண்டு. பூஜை அறை வாசலில் விழுந்து கும்பிடுகிறவர்கள், மாடுலர் கிச்சனின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறவர்கள், "சதுர அடி என்ன ஆச்சு?" என்று காதோரம் விசாரிக்கிறவர்கள், நேரே பந்திக்குப் போகிறவர்கள். இவர்களில் யாரோடும் சேராமல் ஒருவர் மட்டும் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நடந்துகொண்டிருப்பார். மொபைலைத் தீபாராதனைத் தட்டு மாதிரி நெஞ்சுக்கு நேரே ஏந்தி ஹால், படிக்கட்டு, படுக்கையறை என்று ஒரு சுற்று வருவார். பாத்ரூமைக்கூட விட மாட்டார். சுற்றி முடித்ததும் வீட்டுக்காரரைத் தனியே அழைத்து, துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்வார்: "மாடி ரூம்ல மைனஸ் எண்பத்தி நாலு காட்டுது. கவனிச்சீங்களா?"

வீட்டுக்காரருக்கு அப்போது தெரிந்த ஒரே மைனஸ் வங்கிக் கணக்கில் இருப்பதுதான். அவர் விழிப்பதைப் பார்த்ததும் மாமாவுக்கு உற்சாகம் பிறந்துவிடும். மைனஸ் ஐம்பது என்றால் சிக்னல் அருமை, அறுபத்தேழு வரை வீடியோ கால் தாங்கும், எண்பதைத் தாண்டினால் எதிரில் பேசுகிறவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார் என்று விளக்கி முடிப்பதற்குள் பந்தியில் பாயசம் தீர்ந்திருக்கும்.

இவர்தான் நெட்வொர்க் மாமா. சில குடும்பங்களில் சித்தப்பாவாக இருப்பார், சில இடங்களில் அத்தானாக. ஐ.டி. கம்பெனியின் சர்வர் அறையில் இருபது வருஷம் குளிரில் நடுங்கியவர்கள் இதில் ஒரு பிரிவு. 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவர்கள் இன்னொரு பிரிவு. அன்றைக்கு ஒரே நாளில் நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் வீடு திரும்பினார்கள். தூணும் கேபிள் குழியுமாக வாழ்ந்த மனுஷனை ஈஸிசேரில் சும்மா சாய்ந்திரு என்றால் எத்தனை நாள் சாய்ந்திருப்பார்? என் தாய்மாமன் இந்த இரண்டாவது பிரிவு.

மாமாவின் சித்தாந்தம் ஒரே வரி: "நகராததுக்கு ஒயர், நகர்றதுக்கு வைஃபை." டிவி நகராது. கேமரா நகராது. மேஜைக் கம்ப்யூட்டர் நகராது. அதற்கெல்லாம் ஒயர் இழுத்துவிட்டால் காற்றில் நெரிசல் குறையும். மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை தாராளமாகக் கிடைக்கும். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த ஒரு வரியோடு மாமா நிறுத்தினார் என்று சரித்திரமே இல்லை.

"2.4 கிகாஹெர்ட்ஸ் இருக்கே, அது சுவரைத் தாண்டும் மாப்ளே. ஆனா மெதுவா வரும். அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாம் அதுலதான் மொய்க்குது. ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணுதான். 1, 6, 11. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம்; ஆனா ரெண்டு சுவரைக் கண்டா சுருண்டுடும்." இந்த மைக்ரோவேவ் விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் குடும்பத்துக்கு நல்லது. அத்தை பால் சுட வைத்தால்கூட ஹாலிலிருந்து குரல் வரும்: "யாரது சேனலைக் கெடுக்கிறது?"

அண்ணன் மதுரை ஐயர் பங்களாவில் வீடு கட்டினான். கீழ்த்தளம் அப்பா அம்மாவுக்கு, முதல் மாடி அவனுக்கு, இரண்டாம் மாடி வாடகைக்கு, மொட்டை மாடியில் ஓர் அறை. தாய்மாமன் சீர் என்ன வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா ஒரு பெட்டி கேபிளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கேட் 6, 305 மீட்டர். வேட்டி சட்டை எதிர்பார்த்திருந்த அண்ணனிடம், "ஆயிரம் அடிடா மாப்ளே, சுத்தச் செம்பு" என்றார். பொய்யில்லை. கடையிலேயே பேனாக்கத்தியால் ஒயரைச் சுரண்டிப் பார்த்து வாங்கியது. சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிற கேபிள் அலுமினியம். செம்பு மேல்பூச்சு மட்டும்தான். "பெட்டியில கேட் 6னு போட்டிருக்கே சார்" என்றாராம் கடைக்காரர். "பெட்டியிலதான் போட்டிருக்கு" என்றாராம் மாமா.

முதல் மாடித் தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் காலை கான்கிரீட். அந்தச் சாயங்காலம் மாமா கட்டம் போட்ட தாளில் வரைந்த ஒரு படத்தைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். எல்லா அறையிலிருந்தும் ஒவ்வொரு பைப் புறப்பட்டு, படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அலமாரிக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் ஹால் கூரையின் நடுவில் வைஃபையைப் பரப்புகிற ஓர் ஆக்சஸ் பாயின்ட். இதுதான் திட்டம்.

"கரண்ட் பைப்பு போட்டாச்சே அண்ணே" என்றார் மேஸ்திரி.

"அது வேற, இது வேற. ரெண்டும் ஒரே பைப்புல போகக் கூடாது. இதுக்குத் தனியா ஒரு இஞ்சு பைப்பு."

"இதுல என்னண்ணே போகும்?"

"இன்டர்நெட்டு."

மேஸ்திரி பைப்பை எடுத்து ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். "அது காத்துல வருதுன்னுல்ல சொல்றாங்க."

"காத்துல வர்றது உங்க தளத்துல நின்னுடும் மேஸ்திரி. இந்தக் கம்பியும் அஞ்சு இஞ்சு கான்கிரீட்டும் சேர்ந்தா முக்காவாசி சிக்னலை முழுங்கிடும்."

தன் வேலையின் உறுதியைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார் மேஸ்திரி. அந்தச் சந்தோஷத்தில் பைப் எல்லாம் அன்று ராத்திரியே கம்பியோடு கட்டப்பட்டுவிட்டது.

அடுத்த தடை வாஸ்துக்காரர். கரண்டில் ஓடுகிற சாமான் எல்லாம் அக்னி மூலையில், தென்கிழக்கில் இருக்க வேண்டும் என்றார் அவர். அலை நாலு பக்கமும் சமமாகப் போக வேண்டும் என்றால் நட்டநடுவில் வைக்க வேண்டும் என்றார் மாமா. வீட்டின் நட்டநடு பிரம்மஸ்தானம், அங்கே தூணே வரக் கூடாது, ரூட்டர் எப்படி வரும் என்றார் வாஸ்துக்காரர். இரண்டு சாஸ்திரங்கள் மோதிக்கொண்டதில் அண்ணனுக்கு வேர்த்தது. கடைசியில் மாமாவே கேட்டார்: "தரையில வெச்சாத்தானே தோஷம்? கூரையில ஒட்டினா?" வாஸ்துக்காரர் கண்ணை மூடி யோசித்தார். கூரையில் இருந்தால் பிரம்மாவுக்கு இடைஞ்சல் இல்லை என்று தீர்ப்பானது. ஆக்சஸ் பாயின்ட்டுக்கு உண்மையிலேயே தோதான இடமும் அதுதான். மேலே இருந்தால் மேஜை, பீரோ, மனுஷன் எதுவும் மறைக்காது.

"அங்க கரண்ட் பாயின்ட் இல்லையே சார்?" என்றான் எலக்ட்ரீஷியன் பையன்.

"இந்த ஒயர்லயே கரண்டும் போகும் தம்பி."

பையன் கேபிளைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். அது சுமார் 48 வோல்ட்தான், எதிர்முனையில் இருப்பது வாங்கத் தகுந்த கருவிதானா என்று பார்த்துக்கொண்டுதான் ஒயர்களெல்லாம் வந்து சேர்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் கரண்டை அனுப்பும் என்றெல்லாம் மாமா சமாதானம் சொன்னார். பையன் அன்று முழுக்க அந்தக் கேபிளை ரப்பர் கையுறை இல்லாமல் தொடவே இல்லை.

மாமா பிளக் மாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். கேபிளின் மேலுறையை ஓர் இஞ்சு சீவுவார். உள்ளே நாலு ஜோடி, எட்டு ஒயர். முறுக்கைப் பிரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தட்டையாக நீவுவார். உதடு மட்டும் அசையும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். எட்டு முனையையும் ஒரே வெட்டில் சமமாக நறுக்கி, பிளக்குக்குள் தள்ளி, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எட்டும் கடைசிவரை போய் முட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கிரிம்பிங் டூலில் வைத்து ஓர் அழுத்து. டெஸ்டரில் செருகினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கு வரிசையாக எரிய வேண்டும். ஆறு எரியும். அடுத்து எட்டு எரியும்.

"ஏழு வரலை" என்று பிளக்கோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் வெள்ளை ஆரஞ்சிலிருந்து தொடங்குவார்.

"எங்க கல்யாண நாள் என்னைக்குன்னு கேளு, முழிப்பாரு" என்பாள் அத்தை. "இது மட்டும் தூக்கத்துலயும் வரும்."

மாமாவின் பலவீனம் எதிர்காலம். இன்றைய தேவைக்குத் திட்டம் போடுவது அவருக்குக் கேவலம். ஹாலில் நாலு பாயின்ட். பூஜை அறையில் ஒன்று. வெளிநாட்டில் இருக்கிற பேத்தி நாளைக்குக் கணபதி ஹோமத்தை நேரலையில் பார்க்க ஆசைப்பட்டால்? துணி காயப்போடும் இடத்தில் ஒன்று. அதற்கு அவரிடமே காரணம் இல்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். ஸ்விட்ச் வாங்கும்போது எட்டு போர்ட் போதும் என்ற அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இருபத்து நாலு போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். இப்போது அதில் ஐந்து விளக்கு மின்னுகிறது. மிச்சம் பத்தொன்பதும் எதிர்காலம்.

டிவிக்கும் அதே கேட் 6தான். பல ஸ்மார்ட் டிவிகளில் ஒயர் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். அதே டிவி வைஃபையில் அதைவிட வேகமாக இழுக்கும். அண்ணன் மகள் இதைச் சோதித்துக் காட்டியபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேகம் கிடக்கட்டும்மா, இது அறுந்து அறுந்து வராது பாரு" என்றார். அதுவும் சரிதான். 4கே படத்துக்கே 25 தாராளம். அம்மா பார்க்கிற சீரியலுக்கு அதுவும் அதிகம்.

குடிபோன பிறகு வேறொரு கூத்து. மூன்று தளத்துக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் என்று மாமா அமைத்துக் கொடுத்தார். கீழேயிருந்து மாடி ஏறினால் மொபைல் தானாக மேல்தளத்து ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மாற வேண்டும். மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது பெரும்பாலும் மொபைல்தான். அது பழகிய கீழ்த்தளத்தை விட மனசில்லாமல் ஒற்றைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பவரைக் கூட்டி வை என்று வீடே சொன்னது. மாமா குறைத்து வைத்தார். கீழ்த்தளத்துக் கை மாடிவரை நீளாமல் இருந்தால்தான் மொபைல் அதை விடும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. அதுவரைக்கும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "படி ஏறுறதுக்கு முன்னாடி வைஃபையை அணைச்சுப் போடணுமாம். என் தம்பி சொல்லிட்டுப் போயிருக்கான்."

மாமாவின் வாழ்வில் பொன்னான நாள் போகிக்கு முதல் நாள் வந்தது. சுத்தம் செய்கிற மும்முரத்தில் யாரோ அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிள் முனையை, பாவம் என்று, ஸ்விட்சில் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டார்கள். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. உள்ளே போன தகவல் வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், பெருகிப் பெருகிச் சுற்ற, எல்லா விளக்கும் வெறிபிடித்து மின்னியது. மூன்று தளத்திலும் இன்டர்நெட் படுத்துவிட்டது. கஸ்டமர் கேரில் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டோம். பலனில்லை.

மாமா பையோடு வந்தார். அலமாரியைத் திறந்தார். முகம் மலர்ந்தது. "லூப்பு!"

கேபிளைப் பிடுங்கிவிட்டு விளக்கியிருக்கலாம். விளக்கிவிட்டுத்தான் பிடுங்கினார். "1985லயே ரேடியா பெர்ல்மன்னு ஒரு அம்மா இதுக்கு வழி கண்டுபிடிச்சிட்டாங்க மாப்ளே. ஸ்பானிங் ட்ரீ. சுத்துற பாதையை ஸ்விட்ச்சே பார்த்து அடைச்சிடும். அந்த வசதி இருக்கிற ஸ்விட்ச்சை வாங்குன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். உங்கண்ணன் விலையைப் பார்த்தான்." அண்ணன் அந்த நேரம் பார்த்து மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

இந்த மாமாவுக்கு எதிர்க்கட்சி ஒன்றும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் அண்ணனின் மச்சான். "வைஃபைன்னாலே ஒயர் இல்லாததுதான் மாமா. மாடிக்கு ஒரு ரிப்பீட்டர் சொருகினா முடிஞ்சது கதை" என்பது அவர் கொள்கை. ஒரே சேனலில் வாங்கி ஒரே சேனலில் திருப்பிச் சொல்கிற ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எதிர்வீட்டில் இந்தக் கொள்கைப்படிதான் நடந்தது. மூன்று மாடியிலும் மூன்று ரிப்பீட்டர் செருகியும் தொல்லை ஓயாமல், கடைசியில் வெளிச்சுவரோடு கேபிளை இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே விட்டார்கள். அந்த ஜன்னலை இன்றுவரை முழுசாகச் சாத்த முடியவில்லை. சிக்னல் வருகிறது, கூடவே கொசுவும் வருகிறது.

அண்ணன் வீட்டிலோ, இரண்டாம் மாடிக்குக் குடிவந்தவர்கள் தங்களுக்குத் தனி ஃபைபர் கனெக்‌ஷன் வேண்டும் என்றபோது, சும்மா கிடந்த ஒரு பைப்பில் அரை மணி நேரத்தில் இழுத்து முடித்தார்கள். சுவரில் ஒரு காடிகூட வெட்டவில்லை.

ஆகவே வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குடும்பத்திலும் ஒரு நெட்வொர்க் மாமா கட்டாயம் இருப்பார். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் குறைதான் சொல்வார். சென்ட்ரிங் அடித்த அன்றே கூப்பிட்டுவிடுங்கள். அவர் கேட்கிற பைப்பையெல்லாம் கணக்குப் பார்க்காமல் போடுங்கள். ஒயரின் தரம் பத்து வருஷத்தில் மாறும், பைப் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பைப்புக்குள்ளும் ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். படிக்கட்டு அலமாரிக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுங்கள். ஸ்விட்சுக்கு எத்தனை போர்ட் என்பதை மட்டும் அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.