தீவாந்தரப் பயண நேரம்: பொம்மசந்திராவை முன்வைத்து ஓர் ஆய்வு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டம். அங்கே வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 1967 முதல் லோகன்ஏர் விமானம் போய்வருகிறது. தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று தோதாக அடித்த ஒருநாள் 53 விநாடியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். பெல்ட் மாட்டி நிமிர்வதற்குள் ஊர் வந்துவிடும்.

பயண நேரம் கணிக்கப் பரவலாகப் புழங்கும் சூத்திரம் ஒன்று உண்டு: தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரைமணி கூட்டு. இதன்படி பாப்பா வெஸ்ட்ரேக்கு முப்பது நிமிடம், பன்னிரண்டு விநாடி. பறப்பது பன்னிரண்டு விநாடி. மீதி முழுக்கக் கூட்டல். ஆர்க்னியில் சூத்திரம் தோற்றது. பெங்களூரின் பொம்மசந்திராவில் தோற்காது. கூட்டல்தான் அரைமணியில் அடங்காது.

பொம்மசந்திரா தீவாமோ எனின், ஆம் என்க. நாற்புறமும் நீர் சூழ்ந்ததே தீவு என்பாரெனின், காலை ஒன்பது மணிக்கு ஓசூர் ரோட்டின் ஓரம் நின்று, கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், ஆட்டோ ஆகியவற்றினூடே எதிர்ப்பக்கம் கடந்துகாட்டிய பின் மறுக்கக் கடவர்.

கெம்பேகவுடா விமான நிலையம் பொம்மசந்திராவுக்கு ஏறக்குறைய நேர் வடக்கு. காகத்துக்குச் சுமார் 43 கிலோமீட்டர். மனிதருக்கு அறுபதை ஒட்டி வரும். வழியில் சில்க் போர்டு, ஹெப்பால் சந்திப்புகள் என இரு பெரும் நீர்ச்சுழிகள். 2018 மார்ச்சில், பக்கத்து எலக்ட்ரானிக் சிட்டிக்கும் விமான நிலையத்துக்கும் இடையே தும்பி ஏவியேஷன் ஹெலிகாப்டர் விட்டது. பதினைந்தே நிமிடம். கட்டணம் 3,500 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. விமான டிக்கெட் பல நாள் அதைவிட மலிவு என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது: ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையங்கள், சுமார் 19 கிலோமீட்டர். தொடக்கத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு ரயில். அந்த இடைவெளியில் வெஸ்ட்ரே விமானம் பன்னிரண்டு தரம் கடல் தாண்டிவிடும். ஆயினும் சில்க் போர்டைத் தலைக்கு மேலாகக் கடக்க வைத்த பெருமை இதற்கு உண்டு. விமான நிலையம் வரை மட்டும் இது போகாது.

தெற்கே திரும்பினால் ஓசூர், கூப்பிடு தூரம். அங்கே 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் தமிழக முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனால், மைசூர், ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டருக்குள் வேறு பெரிய விமான நிலையம் கூடாது என்பது பெங்களூர் நிலையத்தின் ஒப்பந்தம். அந்தத் தடை 2033 வரை செல்லும். ஆகவே ஓசூர் வழிப் பயண நேரத்தை நிமிடத்தில் சொல்ல முடியாது, வருடத்தில்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை காலை ஆறு மணி விமானம் பிடிக்கும் பொம்மசந்திராவாசிகள் இரவு இரண்டரைக்கே கிளம்பிவிடுவது உத்தமம். அந்நேரம் சில்க் போர்டுகூட வழிவிடும்.